இரண்டு பீப்பாய்கள்

மருந்துக் கடையில் நேர்ந்த ஒரு கைப்பிழை ஒரு நகரையே கலங்கச் செய்த வரலாற்றை இன்று கூற விழைகிறேன்.

1858-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், இங்கிலாந்திலுள்ள பிராட்ஃபோர்டு நகரில் மிட்டாய் உண்ட சிறுவர் இருவர் மாண்டனர். வாந்திபேதி என்றே முதலில் கருதினர். நோயுற்றோர் பெருகவே, மருத்துவர் ஜான் பெல் பாஷாணம் என ஐயுற்றார். வேதியியலார் ஃபெலிக்ஸ் ரிமிங்டன் சோதித்து உறுதி செய்தார். உடனே மணியடித்து ஊரெங்கும் எச்சரித்தனர். எனினும் 20 பேருக்கு மேல் இறந்தனர். ஏறத்தாழ 200 பேர் நோயுற்றனர்.

நேர்ந்தது யாது? சர்க்கரைச் செலவைக் குறைக்க, மிட்டாயில் மலிவான வெண்பொடி ஒன்றைக் கலப்பது அக்கால வழக்கம். அதனை விற்ற மருந்துக் கடைக்காரர் நோயுற்றுக் கிடந்தார். பழக்கமற்ற உதவியாளர், பெயர் தெளிவுறக் குறிக்கப்படாத பீப்பாயிலிருந்து 12 ராத்தல் பாஷாணத்தை நிறுத்துக் கொடுத்துவிட்டார். இரண்டு பொடியும் வெண்மையே!

வழக்கில் எவரும் தண்டனை பெறவில்லை. இது நீதியோ என வினவுவீர்கள். உதவியாளரைச் சிறையிட்டிருப்பினும், அப்பீப்பாய் அடுத்தவர் கைக்குக் காத்திருக்குமன்றோ? 1868-ஆம் ஆண்டு மருந்தகச் சட்டம், நஞ்சு விற்போர் தேர்வும் பதிவும் பெறவும், பொதியின்மேல் பொருளின் பெயரையும் 'நஞ்சு' என்ற சொல்லையும் எழுதவும் விதித்தது.

2017-இல் உலக சுகாதார நிறுவனம் மருந்துப் பிழைகளைக் குறைக்கும் இயக்கத்தைத் தொடங்கியது. பெயரை இருமுறை படித்தல், இன்னொருவர் சரிபார்த்தல், பிழையை உடனே அறிவித்தல் ஆகியவையே காப்பு. பிரம்பு ஓங்கிய வகுப்பில் பிழை குறையக் கண்டதில்லை, மறைக்கப்படுவதையே கண்டிருக்கிறேன். மருத்துவமனையில் மறைக்கப்படும் பிழை மற்றோர் உயிரைத் தேடிச் செல்லும்.