உப்பு மண்ணும் நுரையீரலும்

தூத்துக்குடிக் கரையில் கடல்நீர் நிலத்தடியில் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று மின்தடை ஆய்வால் தேடுகிறார்கள், வ.உ.சி. கல்லூரி நிலவியலாளர்களும் இதில் உழைத்திருக்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் மார்பைச் சுற்றி மின்முனைகளைக் கட்டி இம்பீடன்ஸ் படம் எடுக்கிறார்கள். இருவர் போடுவதும் ஒரே கணக்கு. விளிம்பில் அளந்து உள்ளிருப்பதை அறியலாமா என்ற கேள்வி, அர்ஜென்டினாவின் அரசு எண்ணெய் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஆல்பெர்தோ கால்தெரோனுக்கு எழுந்தது. அவர் 1980-இல் வெளியிட்ட கட்டுரையே இன்று மருத்துவப் படத்துக்கும் கணித அடிப்படை.

மண்ணில் இரண்டு முனைகள் மின்னோட்டம் தர, வேறு இரண்டு மின்னழுத்தத்தை அளக்கும். அதனால் முனை மண்ணைத் தொடுமிடத்தின் தடை கணக்கை அவ்வளவாகக் கெடுக்காது. தோலிலும் இதே ஏற்பாடுதான்.

எண்களும் ஒத்துப் பேசுகின்றன. கடல்நீரின் மின்தடை எண் சுமார் 0.2 ஓம்-மீட்டர், இரத்தத்துக்குச் சுமார் 1.5. காற்று நிறைந்த நுரையீரலுக்கு அது 20-ஐ ஒட்டி இருக்கும். மூச்சை விட்டதும் பாதிக்கும் கீழே இறங்கும். உலர்ந்த தேரி மணலுக்கோ நூற்றுக்கணக்கில் வரும். உவர்நீர் புகுந்தால் சரிந்துவிடும். காற்று ஏற்றுகிறது, உப்பு இறக்குகிறது.

குழப்பமும் ஒன்றே. குறைந்த மின்தடை கண்டால் மண்ணில் அது உவர்நீரா களிமண்ணா, மார்பில் அது நீர்க்கோப்பா சுருங்கிய நுரையீரலா என்று தெரியாது. என்னை வியக்க வைப்பது இதற்கடுத்த ஒற்றுமை. களிமண் துகள் தன் மேற்பரப்பில் மின்னூட்டத்தைச் சிறிது நேரம் பிடித்து வைக்கும், உப்புநீர் அவ்வளவாக வைக்காது; உயிரணுவின் சவ்வும் அப்படியே பிடித்து வைக்கும். ஆகவே ஒரே அதிர்வெண்ணில் அளந்து நின்றுவிடாமல் பல அதிர்வெண்களில் அளப்பது இரு துறைக்கும் உதவுகிறது.

வேற்றுமை இல்லாமல் இல்லை. மார்பைச் சுற்றி வரலாம், நிலத்தைப் பெரும்பாலும் மேலிருந்தே தொடலாம். நிலம் அடுத்த பருவமழை வரை காத்திருக்கும், மூச்சு காத்திராது. ஆனால் வெட்டியெடுத்த மாதிரி இரண்டிலும் ஏமாற்றும்: மண் உலர்ந்துபோகும், திசு இரத்தமின்றி மாறிவிடும். வெப்பநிலையும் எண்ணை மாற்றும்: ஒரு டிகிரி உயர்ந்தாலே உப்புநீரின் கடத்துதிறன் சுமார் 2 விழுக்காடு கூடும்.

சரிபார்ப்பதில் நிலவியலாளர் கை ஓங்கியிருக்கிறது: பக்கத்துக் கிணற்று நீரை அள்ளிச் சோதித்துத் தம் படத்தைச் சரிபார்க்க அவரால் முடியும். மருத்துவரால் உயிருள்ள நுரையீரலை அப்படி அள்ள முடியாது. எனவே வண்ணப் படத்தை நம்புமுன், அதன் அடியிலுள்ள எண்கள் எந்த வெப்பநிலையில், எந்த அதிர்வெண்ணில் அளந்தவை, உயிருள்ள திசுவில் அளந்தவையா என்று கேளுங்கள்.