பிராங்கிளினின் முதுமொழிகளும் ஆங்கிலப் பள்ளியும்

பெஞ்சமின் பிராங்கிளின் (1706–1790) பிலடெல்பியா நகரில் ரிச்சர்ட் சாண்டர்ஸ் என்னும் புனைபெயரில் நடத்திய 'ஏழை ரிச்சர்டின் பஞ்சாங்கம்' 1732 டிசம்பரில் முதன்முதலாக வெளிவந்தது. பிற்காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 படிகள் விற்றன. கிரகணம், வானிலை, முக்கிய நாட்கள் ஆகியவற்றுக்கிடையே எஞ்சிய வெற்றிடங்களை அவர் முதுமொழிகளால் நிரப்பினார். வேறு புத்தகமே வாங்காத வீடுகளிலும் பஞ்சாங்கம் இருந்ததால் அந்த வரிகளே பலருக்கு வாசிப்புப் பாடமாயின. இன்று அவை உழைப்பையும் சிக்கனத்தையும் போதிக்கும் அறிவுரைகளாக மட்டுமே நினைவுகூரப்படுகின்றன. அவற்றின் பின்னால் ஒரு மொழிப்பயிற்சி முறையும் உண்டு. அதைப் பள்ளிக்குள் கொண்டுவர முயன்று அவர் தோற்ற வரலாறும் உண்டு.

பிராங்கிளின் பள்ளியில் படித்தது இரண்டே ஆண்டுகள். பன்னிரண்டு வயதில் பாஸ்டனில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். பெண்களுக்குக் கல்வி தகுமா என்பது பற்றி ஜான் காலின்ஸ் என்ற நண்பருடன் கடிதங்களில் வாதிட்டார். தகும் என்பது பிராங்கிளினின் கட்சி. அக்கடிதங்களைப் பார்த்த தந்தை வாதத்துக்குள் நுழையவில்லை. மகனின் எழுத்தில் பிழையில்லை, நிறுத்தற்குறிகளும் சரி, ஆனால் நடையில் அழகும் ஒழுங்கும் தெளிவும் போதாது என்று மட்டும் சுட்டிக்காட்டினார். (அச்சுக் கோத்துப் பழகிய கைக்கு எழுத்துப்பிழை நேராதது வியப்பன்று.)

அந்நாட்களில் லண்டனின் 'ஸ்பெக்டேட்டர்' இதழ்த் தொகுதி ஒன்று அவருக்குக் கிடைத்தது. ஒரு கட்டுரையின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சிறு குறிப்பு எழுதிக்கொண்டு, சில நாட்கள் கழித்து, மூலத்தைப் பாராமல் தம் சொற்களில் அதை மீண்டும் எழுதினார். பின்னர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினார். சொல்வளம் குறைவு என்று தோன்றியதும் உரைநடையைச் செய்யுளாக்கி, மறந்தபின் மீண்டும் உரைநடையாக்கினார். குறிப்புகளைக் கலைத்துப்போட்டு வரிசைப்படுத்தியும் பழகினார். வேலைக்கு முன்னும் பின்னும் கிடைத்த பொழுதும் ஞாயிற்றுக்கிழமைகளும் இதற்குச் செலவாயின.

முதுமொழிகளை அவர் உருவாக்கிய விதமும் இதுவே. பெரும்பாலானவை ஜார்ஜ் ஹெர்பர்ட், ஜேம்ஸ் ஹவல், தாமஸ் ஃபுல்லர் போன்றோரின் தொகுப்புகளில் இருந்த பழைய சரக்கு. கையுறை போட்ட பூனை நல்ல வேட்டைக்காரன் ஆகாது என்பது ஒரு பழைய பழமொழி. பிராங்கிளின் 'நல்ல வேட்டைக்காரன்' என்ற மங்கலான சொல்லை நீக்கி, அந்த இடத்தில் எலியை வைத்தார். அவருடைய பூனை எலி பிடிப்பதில்லை, அவ்வளவுதான். மூவரில் இருவர் அப்பால் இருந்தால் இரகசியம் தங்கும் என்ற பழமொழியில் அந்த இருவரையும் சாகடித்தார். இந்த ஞானத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தன்னுடையதில்லை என்று ஏழை ரிச்சர்டே 1758-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தில் ஒப்புக்கொள்கிறான். அதே முன்னுரையில், ஏலக்கடை வாசலில் ஆபிரகாம் என்ற முதியவர் அந்த முதுமொழிகளை அடுக்கிச் சிக்கனம் பேசுகிறார். கூட்டம் ஆமோதித்துத் தலையாட்டிவிட்டு, ஏலம் தொடங்கியதும் வாரி வாங்குகிறது. முதுமொழியை மனப்பாடம் செய்வதால் என்ன கிட்டும் என்பதில் பிராங்கிளினுக்கு மயக்கமே இல்லை.

விவாதத்தில்தான் அவருக்கு நம்பிக்கை. 1727-இல் அவர் தொடங்கிய 'ஜுண்டோ' குழுவில் கண்ணாடி பதிப்பவர், தச்சர், செருப்புத் தொழில் பழகியவர் முதலியோர் வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடினர். ஒழுக்கம், அரசியல், இயற்கை அறிவியல் பற்றிய வினாக்களை விவாதித்தனர். ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கொருமுறை கட்டுரை எழுதி வாசிக்க வேண்டும். அடித்துப் பேசும் சொற்களுக்குச் சிறு அபராதம் இருந்தது. கருத்தை மென்மையாகச் சொல்ல வேண்டிய இக்கட்டு மொழியைப் பண்படுத்தும் என்பதை அந்த அபராதம் காட்டுகிறது.

1749-இல் அவர் வெளியிட்ட கல்வித் திட்டம் இதையே பள்ளிக்குப் பரிந்துரைத்தது. வரலாற்றைப் படிக்கும்போது எழும் நியாய அநியாயக் கேள்விகளை மாணவர்கள் பேச்சிலும் எழுத்திலும் விவாதிக்க வேண்டும் என்றார். 1751-இல் எழுதிய ஆங்கிலப் பள்ளித் திட்டத்தில் நீதிக்கதைகளும் சிறு கட்டுரைகளும் பாடங்கள்; ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் ஆங்கில அகராதி; படித்ததைத் தன் சொற்களில் திருப்பி எழுதுவது பயிற்சி.

ஆனால் பிலடெல்பியா அகாதமியின் அறங்காவலர்களிடையே இலத்தீன் மோகம் வலுவாக இருந்தது. இருபது மாணவருக்குக் கற்பிக்க இலத்தீன் ஆசிரியருக்கு 200 பவுண்டு; நாற்பது மாணவருக்குக் கற்பிக்க ஆங்கில ஆசிரியருக்கு 100 பவுண்டு. முதல் ஆங்கில ஆசிரியர் டேவிட் ஜேம்ஸ் டவ் காலத்தில் தொண்ணூறுக்கு மேற்பட்ட மாணவர் சேர்ந்தும் பள்ளிக்கு ஆதரவு கூடவில்லை. அவர் விலகிய பின் அது தேய்ந்தது.

இறப்பதற்கு முந்தைய ஆண்டான 1789-இல் பிராங்கிளின் இதைக் கடுமையாகச் சாடி ஓர் அறிக்கை எழுதினார். தொப்பியைத் தலையில் வைத்தால் பொய்முடி கலையும் என்பதால் ஐரோப்பியக் கனவான்கள் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரிந்தனர். இலத்தீனும் கிரேக்கமும் அத்தகைய கக்கத்துத் தொப்பிகள் என்று அதில் எழுதியிருக்கிறார்.