"தான் தகப்பன் என்று சொல்கிறார்": ஒரு களுத்துறைப் படத்தின் கதை

1878ஆம் ஆண்டு களுத்துறையில் எடுக்கப்பட்ட படம் ஒன்று இருக்கிறது. எடுத்தவர் ஜூலியா மார்கரெட் கமரன். டார்வினையும் கவிஞர் டெனிசனையும் கமராவுக்கு முன்னால் உட்கார வைத்தவர். புகைப்பட வரலாறு படிக்கும் யாரும் இந்தப் பேரைத் தாண்டிப் போக முடியாது.

களுத்துறைப் படத்தில் ஒரு சிறுமியும் ஒரு கிழவரும் இருக்கிறார்கள். அதற்கு அவர் வைத்த தலைப்பு நீளமானது. அதன் சாரம் இதுதான்: இவர்கள் களுத்துறைக் குடியானவர்கள், சிறுமிக்கு வயது 12, கிழவர் தான் அவளுடைய தகப்பன் என்று சொல்கிறார், தனக்கு நூறு வயது என்றும் சொல்கிறார்.

ஊர் இருக்கு, வயசு இருக்கு, உறவும் இருக்கு. பேர் மட்டும் இல்ல.

பேர் எழுதும் பழக்கம் இல்லாதவரா ஜூலியா? அப்படிச் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் அவர் வீட்டில் வேலை செய்த மேரி ஹில்லியரை மாதாவாகப் படம் பிடித்தார். அந்தப் பெண்ணின் பேரும் பிற்கால வாழ்க்கையும் இன்று எல்லாருக்கும் தெரியும். மேரி ரையன் என்று இன்னொரு பெண். தெருவில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்தவள். ஜூலியா வீட்டில் வளர்ந்து, கடைசியில் ஒரு அதிகாரியைக் கலியாணம் செய்தாள். அவளுக்கும் பேர் இருக்கிறது. ஆக, ஏழை என்பதால் மட்டும் பேர் விடுபடவில்லை. கடல் தாண்டி இங்கே வந்ததும் அந்தப் பழக்கம் மாறியிருக்கிறது.

பேர் இல்லாமல் எப்படி ஒரு வாழ்க்கையைத் தேடுவது? நாங்கள் அந்த "நூறு வயது" என்ற சொல்லிலிருந்து தொடங்கினோம்.

கிழவர் சொன்னது சரியென்றால் அவர் 1778 அளவில் பிறந்திருக்க வேண்டும். அப்போது களுத்துறைக் கரை ஒல்லாந்தர் கையில். 1796ல் ஆங்கிலேயர் வரும்போது அவருக்கு 18. கண்டி விழுந்த 1815ல் 37. ஜூலியா கல்கத்தாவில் பிறந்ததும் அதே 1815லதான். சரி, நூறு என்பது பேச்சுக்குச் சொன்னது, உண்மையில் 80தான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 1832ல் இராஜகாரிய முறை நீக்கப்படும்போது அவர் முப்பது வயசு தாண்டிய ஆம்பிள. வீதி போடவும் பாலம் கட்டவும் அரசு ஆளைப் பிடித்துக்கொண்டு போன காலத்தை முழுசாக அனுபவித்தவர்.

அந்த முறையை ஒழிக்கச் சொன்ன ஆணைக்குழுவில் இருந்தவர் யார்? ஓ.எல் வரலாற்றில் "கோல்புறூக் – கமரன் சீர்திருத்தம்" என்று பாடமாக்கினோமே, அந்தக் கமரன். சார்ள்ஸ் ஹே கமரன், ஜூலியாவின் கணவர். 1795ல் பிறந்தவர். படம் எடுத்த வருசம் அவருக்கு 83.

அதாவது அந்த வருசம் ஜூலியாவின் உலகத்தில் இரண்டு கிழவர்கள் இருந்தார்கள். கணவரை அவர் 1872ல் லியர் மன்னனாக உடுத்திப் படம் எடுத்திருக்கிறார். மூன்று இளம் பெண்களை மகள்களாகப் பக்கத்தில் நிறுத்தினார். அவர்கள் சார்ள்ஸின் மகள்கள் இல்லை. ஆனாலும் தலைப்பைப் பார்த்தால் அவர் ராஜா, அவர்கள் பிள்ளைகள். களுத்துறைக் கிழவர் வேசம் எதுவும் போடவில்லை. அவர் மட்டும் "தகப்பன் என்று சொல்கிறார்".

இன்னொரு விசயம். அந்தக் காலத்துப் படம் இன்றைய செல்ஃபி மாதிரி இல்லை. கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, அது காய்வதற்குள் எடுத்துக் கழுவ வேண்டும். உட்கார்ந்திருப்பவர் பல விநாடி, சில நேரம் நிமிடக் கணக்கில், அசையக் கூடாது. களுத்துறை வெயிலில் அந்தச் சிறுமி அசையாமல் நின்றதும் ஒரு வேலைதான். அந்த நாட்களில் ஜூலியாவைப் பார்க்க வந்த ஓவியர் மரியான் நோர்த் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். ஒரு ஆளின் முதுகு ரொம்ப அழகாக இருக்கிறது என்று அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி ஜூலியா மகனை வற்புறுத்தினாராம். அவரிடம் தோட்டமே இருக்கவில்லை. அந்த ஆளுக்கும் பேர் இல்லை, முதுகுதான்.

இது எங்கோ கரையோரத்துக் கதை, மலைநாட்டுப் பிள்ளைகளான எங்களுக்கு என்ன என்று கேட்கலாம். கமரன் குடும்பம் 1875ல் இங்கே வந்ததே கோப்பித் தோட்டங்களை நம்பித்தான். 1869ல் தொடங்கிய இலைநோய் கோப்பியைத் தின்றுகொண்டிருந்தது. 1876–78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்திலிருந்து எங்கட ஆட்கள் கூட்டம் கூட்டமாக இங்கே வந்துகொண்டிருந்தார்கள். ஜூலியா 1879 ஜனவரியில் டிக்கோயா பக்கத்துத் தோட்டமொன்றில் இறந்தார். அடுத்த வருசம் சார்ள்ஸ். இரண்டு பேரின் கல்லறையும் பொகவந்தலாவ தேவாலயத்தில் பேரோடு இருக்கிறது. அவர் இலங்கையில் எடுத்ததில் மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அதில் சிலதை நூதனசாலைகள் இன்று "தோட்டத் தொழிலாளர்" என்று குறிக்கின்றன. அங்கேயும் ஒரு பேர் கிடையாது.

அந்தத் தலைப்பின் சந்தேகம் எழுபது வருசத்துக்குப் பிறகு சட்டமாகவே வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், நீ இங்கே பிறந்தது மட்டும் போதாது என்றது. தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். வாயால் சொன்னால் செல்லாது, கடதாசி வேணும். கடதாசி இல்லாத சுமார் 7 இலட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். களுத்துறைக் கிழவர் எங்கள் வம்சம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் "இவள் என் மகள்" என்று ஒருவர் சொல்லும்போது அதை நம்புவதா இல்லையா என்று தீர்மானிக்கும் அதிகாரம் எழுதுகிறவர் கையில் இருந்தது. அது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஆனாலும் அந்தத் தலைப்பில் ஜூலியா நினைக்காத ஒன்றும் தங்கியிருக்கிறது. அது கிழவரின் குரல். "இவள் என் மகள், எனக்கு நூறு வயசு." பேர் தொலைந்தாலும் இந்த இரண்டு வசனமும் 1878லிருந்து நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. நாங்கள் அவரை நம்புகிறோம். நூறு என்றது ஒருவேளை, "நான் கண்டது நிறைய" என்பதாகக்கூட இருக்கலாம்.

உங்கள் வீட்டிலும் பழைய படங்கள் இருக்கும். அடையாள அட்டைக்கு எடுத்தது, கலியாணத்தில் எடுத்தது, பிரஜாவுரிமை மனுவுக்கு எடுத்தது. தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். பென்சிலால் பின்பக்கம் எழுதுங்கள்: பேர், தாய் தகப்பன் பேர், தோட்டம், லயம், வருசம். வருசம் தெரியாவிட்டால் அப்பாயி சொல்வதையே எழுதுங்கள்: "பெரிய மண்சரிவு வந்த வருசத்துக்கு அடுத்த வருசம்." அதற்குப் பின்னால் "என்று சொல்கிறார்" என்று மட்டும் சேர்க்க வேண்டாம்.