அந்த அறையில் இல்லாதவர்கள்

மும்பை மாட்டுங்காவின் வட்டத் தோட்டத்துக்கு மகேஸ்வரி உத்யான் என்று பெயர் மாறி வெகுகாலம் ஆகிறது. நம்மவர் வாயில் அது இன்னும் கிங்ஸ் சர்க்கிள்தான். நியூயார்க்கில் 1754இல் தொடங்கிய கிங்ஸ் காலேஜுக்கோ, விடுதலைப் போர் முடிந்த மறு ஆண்டே, 1784இல், கொலம்பியா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தக் கொலம்பியாவில் 1913 முதல் 1916 வரை படித்தவர் அம்பேத்கர். பிற்பாடு அவர் கட்டிய ராஜகிருகம், கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடந்தே போகக்கூடிய தாதர் இந்து காலனியில் இருக்கிறது. அமெரிக்கா, இந்தியா என்ற இரண்டு நாடுகள் பிரிட்டிஷ் முடியிலிருந்து விடுபட்டுத் தமக்கென அரசு அமைத்ததை ஒப்பிட்டுப் பார்க்க நான் இந்த இடத்தில் நின்று தொடங்குகிறேன்.

எதிரி ஒருவரே. 1781இல் யார்க்டவுனில் தோற்றுச் சரணடைந்த கார்ன்வாலிஸ்தான் 1786இல் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்து, 1792இல் திப்புவின் பாதி நாட்டைப் பறித்தார். எதிர்த்தவர்கள் வேறு. அங்கே எழுந்தவர்கள் இங்கிலாந்து வழிவந்த குடியேறிகள். எங்களைக் கேட்காமல் எங்களுக்கு வரி போடாதே என்றார்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு அந்த விடுதலையில் பங்கில்லை. இங்கே எழுந்தவர்கள் மண்ணுக்கே உரியவர்கள்.

அரசியலமைப்பை எழுத 1787 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் கூடிய சபையில் 55 பேர் கலந்துகொண்டார்கள். ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு ரகசியமாகப் பேசினார்கள். செப்டம்பரில் 39 பேர் கையெழுத்திட்டார்கள். அடிமைகள் எவரும் அந்த அறையில் இல்லை. பிரதிநிதிகளின் எண்ணிக்கைக்காக ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட்டார்கள். அடிமை இறக்குமதிக்கு 1808 வரை தடை போடக்கூடாது என்றும் எழுதிவைத்தார்கள். 'அடிமை' என்ற சொல் மட்டும் அந்த ஆவணத்தில் எங்கும் வரவில்லை. அந்தக் கணக்கைத் தீர்க்க உள்நாட்டுப் போரும் ஆறு லட்சம் உயிர்களும் தேவைப்பட்டன. 1865இல்தான் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது.

நம் அரசியலமைப்பை எழுதத் தில்லியில் 1946 டிசம்பர் 9 அன்று கூடிய சபைக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பிடித்தன. பார்வையாளர் மாடம் திறந்திருந்தது. 15 பெண்கள் உறுப்பினர்களாக இருந்தார்கள். அவர்களில் தாட்சாயணி வேலாயுதன் தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர். அம்பேத்கர் முதலில் வங்காளத்திலிருந்து போனவர். பிரிவினையில் அந்த இடம் கைநழுவியது. உறுப்பினர் ஜெயகர் விலகிய இடத்தில் 1947 ஜூலையில் பம்பாய்தான் அவரை மீண்டும் அனுப்பியது. ஆகஸ்ட் 29 அன்று வரைவுக் குழு அமைந்தது, அவர் அதன் தலைவரானார். தீண்டாமையின் கொடுமையைப் பள்ளியிலேயே அனுபவித்த ஒருவரின் தலைமையில், தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று பெயர் சொல்லியே 17ஆம் பிரிவு எழுதப்பட்டது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும் இடம் இது.

குறையையும் சொல்லவேண்டும். ஃபிலடெல்ஃபியா வரைவு, மாநிலந்தோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநாடுகளின் ஒப்புதலுக்குப் போனது. நம்முடையது அப்படிப் போகவில்லை. அதை எழுதிய சபையும் எல்லோரும் வாக்களித்து வந்ததல்ல. ஆனால் அது 21 வயதான எல்லோருக்கும் முதல் தேர்தலிலேயே வாக்கைக் கொடுத்தது. அமெரிக்கப் பெண்கள் நாடு முழுவதும் அதைப் பெற 1920 வரை காத்திருந்தார்கள்.

மாநில உரிமையில் என் மனம் அமெரிக்கா பக்கம் சாய்கிறது. அங்கே சிறிய மாநிலமானாலும் பெரியதானாலும் செனட்டில் இரண்டு இடம். இங்கே மாநிலங்களவையில் உத்தரப் பிரதேசத்துக்கு 31, கோவாவுக்கு 1. அங்கே ஒரு மாநிலத்தை அதன் சம்மதமில்லாமல் பிரிக்க முடியாது. இங்கே நாடாளுமன்றம் அதன் கருத்தைக் கேட்டால் போதும், சம்மதம் வேண்டியதில்லை.

குடியுரிமை விஷயம் வேறு. 1948 நவம்பர் 4 அன்று வரைவை அறிமுகப்படுத்திய அம்பேத்கர், அமெரிக்காவில் இருப்பதுபோல் மாநிலத்துக்கொரு குடியுரிமை இங்கே இல்லை, இந்தியக் குடியுரிமை ஒன்றே என்று விளக்கினார். நாட்டின் எப்பகுதியிலும் குடியேறி வாழும் உரிமையை 19ஆம் பிரிவு தந்தது. 1960களின் பிற்பகுதியில் தென்னிந்தியர் வெளியேற வேண்டும் என்ற முழக்கம் இந்த நகரில் எழுந்தபோது, மாட்டுங்கா குமாஸ்தாவுக்கும் தாராவி தோல் தொழிலாளிக்கும் சட்டத்தில் இருந்த பிடிமானம் அதுதான்.

கிங்ஸ் சர்க்கிளில் இறங்குகிறவர்கள் ஒருமுறை ராஜகிருகம் வரை நடந்து போய்வாருங்கள். கீழ்த்தளத்தில் நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது, பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள்.