பழமும் பழத்தின் படமும்

பிரெஞ்சு வழியில் படித்த புதுச்சேரிக்காரர்கள் 'லெசோன் தெ ஷோஸ்' என்ற பெயரை மறந்திருக்க மாட்டார்கள். தமிழில் பொருட்பாடம் எனலாம். சின்னப் பிள்ளைகள் கையில் ஒரு பொருளைக் கொடுத்து, தொட்டு, முகர்ந்து, அறுத்துப் பார்க்க வைத்து, அதன் பிறகு பெயர் சொல்லித் தருவது. இதற்குப் பழத்தைப் போலத் தோதான பொருள் வேறில்லை. பாடம் முடிந்ததும் தின்றுவிடலாம்.

இந்த யோசனை சுவிட்சர்லாந்தில் கிளம்பியது. சொல்லுக்கு முன்னால் பொருள் வர வேண்டும் என்று பெஸ்தலோசி 1801-இல் புத்தகமே எழுதினார். பிரான்சில் அதை மழலைப் பள்ளிக்குக் கொண்டுவந்தவர் மரி பாப்-கார்பாந்தியே என்ற அம்மையார். 1867-இல் பாரீசில் உலகக் கண்காட்சி நடந்தபோது, அதைக் காண வந்த பள்ளி ஆசிரியர்களுக்கு சோர்போன் பல்கலைக்கழகத்தில் இந்த முறையைப் பற்றி உரையாற்றினார். பெண்கள் மேடையேறாத காலம் அது. 1874-இல் மத விரோதி என்ற புகாரில் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். சில மாதங்களில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 1878-இல் காலமானார். கட்டாயக் கல்விச் சட்டம் 1882-இல்தான் வந்தது. பொருட்பாடம் ஊரூராகப் போனதை அவர் பார்க்கவில்லை.

ஊரூராகப் போனபோது பாடமும் மாறிப்போனது. நான் கோப்பு தள்ளியே காலம் கழித்தவன். நல்ல யோசனை ஒன்று சுற்றறிக்கையாக மாறினால் என்ன கதி ஆகும் என்று எனக்குத் தெரியும். பழத்துக்குப் பதில் பழத்தின் படம் வந்தது. கொலோம் என்பவர் எழுதிய பாடநூலின் தலைப்பே '650 படங்களில் பொருட்பாடம்'! அவர் தாவரவியல் அறிந்தவர், சித்திரக்கதையும் வரைந்தவர். படங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் படத்தை முகர முடியுமா?

பிரான்சிலாவது தோட்டத்தில் ஆப்பிளும் செரியும் இருந்தன. கடல் தாண்டி இங்கே வந்தபோது அதுவும் இல்லை. விதைப் பழத்துக்கு 'பொம்', கொட்டைப் பழத்துக்கு 'செரீஸ்' என்று எழுதி மனப்பாடம் செய்தோம். செரிப்பழத்தை வாயில் போட்ட பிள்ளை எங்கள் வகுப்பில் ஒன்றுகூடக் கிடையாது. தொடாமல் கற்காதே என்று சொன்ன பாடத்தை, தொடாமலே ஒப்பித்தோம்.

இதைச் சகிக்காத முசியே ஒருவர் எங்களுக்கு வாய்த்தார். புத்தகத்தை மூடிவிட்டு, விதைக்குக் கொய்யாவையும் கொட்டைக்கு மாம்பழத்தையும் அறுத்தார். மாங்கொட்டையைப் பிளந்து பருப்பைக் காட்டி, உண்மையான விதை இதுதான், மேலிருப்பது அதற்குப் பெட்டி என்றார். ஆப்பிள் படத்தில் தெரியாத சங்கதி அது.

பிறகு ஒருநாள் முந்திரிப்பழம் கொண்டுவந்தார். கொட்டை பழத்துக்கு வெளியே தொங்குகிறதே, இது எந்த வகை என்று கேட்டார். புத்தகத்தில் அதற்கு இடமே இல்லை. நாங்கள் கத்திச் சண்டை போட்டு முடித்த பிறகுதான் சொன்னார்: நீங்கள் பழம் என்பது வெறும் காம்பு, வீங்கிப்போன காம்பு, பழம் என்பது அந்தக் கொட்டைதான். சாறு வடிய எல்லோரும் ஆளுக்கொரு துண்டு தின்றோம், தொண்டை கரகரத்தது. கொட்டையை மட்டும் தொட விடவில்லை. அதன் பால் பட்டால் தோல் வெந்துவிடும்.