ஷெல் ஷாக்: காயமா, கோழைத்தனமா?

முதல் உலகப் போரின் மேற்கு முனையில், பதுங்குகுழிகளில் நாட்கணக்கில் பீரங்கிக் குண்டுவீச்சைத் தாங்கிக் கிடந்த பிரிட்டிஷ் படைவீரர்களிடையே, உடலில் கீறல்கூட இல்லாத நிலையில் பேச்சிழப்பு, ஓயாத நடுக்கம், பார்வைக் குறை, நினைவு தப்புதல் முதலியன பெருகியபோது, அவற்றுக்கு 'ஷெல் ஷாக்', அதாவது குண்டதிர்ச்சி, என்ற பெயர் வழங்கலாயிற்று. உளவியலாளர் சார்லஸ் மையர்ஸ் 1915 பிப்ரவரியில் 'லான்செட்' மருத்துவ இதழில் மூன்று வீரர்களின் நிலையை விவரித்து எழுதிய கட்டுரை அப்பெயரை மருத்துவ உலகில் நிலைநிறுத்தியது. வெடிப்பின் அதிர்வு நரம்புகளைச் சிதைக்கிறது என்பதே தொடக்கத்தில் பலரது ஊகமாக இருந்தது. குண்டு விழுந்த இடத்துக்கு அருகில் இல்லாதவர்களும் இந்நோய்க்கு ஆளாகவே அது விரைவில் ஆட்டங்கண்டது.

மருத்துவர்கள் நோயின் காரணத்தைத் தேட, படைத்தலைமையின் கவலையோ ஆள்பலத்தையும் ஓய்வூதியச் செலவையும் பற்றியதாக இருந்தது. எதிரியின் தாக்குதலால் நேரடியாக விளைந்தது என்று சான்று பெற்றவர் 'டபிள்யூ' (காயமுற்றவர்) என்றும், மற்றவர் 'எஸ்' (நோயுற்றவர்) என்றும் பிரிக்கப்பட்டனர்; முன்னவருக்குச் சீருடையில் காயப்பட்டை அணியும் உரிமையும் ஓய்வூதியமும் உண்டு, பின்னவருக்கு அந்த மதிப்பு இல்லை. 1917-இல் ஷெல் ஷாக் என்ற சொல்லையே போர்முனையில் பயன்படுத்தலாகாது என்று தடுத்து, 'நரம்புக் கோளாறு, இன்னும் கண்டறியப்படவில்லை' என்று மட்டும் குறிக்குமாறு பணித்தனர். பெயரை நீக்கினால் நோயாளிகளின் எண்ணிக்கையும் குறையும் என்ற இந்தக் கணக்கில் மருத்துவத்தைவிட நிர்வாகமே மிகுதி. ஆயினும் போர் முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 பேர் இந்நோய்க்கு ஆளாயினர் என்பதே பொதுவாகக் கூறப்படும் கணக்கு.

சிகிச்சையிலும் பதவி வேற்றுமை புகுந்தது. எடின்பரோவுக்கு அருகிலிருந்த கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனை அதிகாரிகளுக்கானது. அங்குப் பணியாற்றிய டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், முன்னர் நீலகிரியில் தோடர்களிடையே ஆய்வு நடத்தி 1906-இல் அவர்களைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டவர் என்பதால் தமிழ்நாட்டுக்கும் அறிமுகமானவர். கொடிய நினைவுகளை அடக்கி மறக்க முயல்வதே துன்பத்தை நீட்டிக்கிறது என்று கருதிய அவர், நோயாளியை அவற்றைப் பற்றிப் பேசவைத்தார். லண்டனில் லூயிஸ் யீலண்டோ, பேச்சிழந்த சாதாரண வீரர்களுக்குத் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேசவைத்தார். முறைகள் எவ்வளவு வேறுபட்டாலும், ஆளைத் தேற்றி மீண்டும் பணிக்கு உதவச்செய்வதே அவற்றின் நோக்கமாக இருந்தது. கிரெய்க்லாக்ஹார்ட்டில் சிகிச்சை பெற்றுப் போர்முனைக்குத் திரும்பிய கவிஞர் வில்பிரட் ஓவன், போர் ஓய்வதற்கு ஒரு வாரம் முன்பு, 1918 நவம்பர் 4 அன்று கொல்லப்பட்டார்.

நோய் என்று ஏற்கப்படாதவர்களின் கதி இன்னும் கொடியது. 1915-இல் ஷெல் ஷாக்குக்காகப் பல மாதம் மருத்துவமனையில் இருந்த ஹாரி ஃபார், மறு ஆண்டு முன்னணிக்குச் செல்ல மறுத்ததற்காக, வாதாட எவருமின்றிச் சுருக்கமாக முடிந்த படை விசாரணையில் கோழைத்தனக் குற்றம் சாட்டப்பட்டு, அக்டோபர் 18 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய இளம் மனைவிக்கு ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. கைக்குழந்தையுடன் வீட்டை இழந்து வீட்டுவேலை செய்து பிழைத்த அவர், கணவர் மாண்ட விதத்தைப் பல பத்தாண்டுகள் வெளியே சொல்லவில்லை. வீரனின் மனக்காயத்தை அரசு ஏற்க மறுத்த இடத்திலெல்லாம் அதன் சுமை, பிழைப்பாகவும் அவமானமாகவும், குடும்பத்தின் மீதே இறங்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1922-இல் சவுத்பரோ பிரபுவின் விசாரணைக் குழு ஷெல் ஷாக் என்ற சொல்லைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. கோழைத்தனத்துக்கும் படையிலிருந்து ஓடிப்போவதற்கும் உரிய மரண தண்டனை 1930-இல் நீங்கியது. ஃபாரின் மகள் முதலான உறவினர்களின் நெடிய போராட்டத்துக்குப் பிறகே, இத்தகைய குற்றங்களுக்காகக் கொல்லப்பட்ட 306 வீரர்களுக்கு 2006-ஆம் ஆண்டின் ஆயுதப்படைச் சட்டம் மன்னிப்பு வழங்கியது. ஆனால் அம்மன்னிப்பு தீர்ப்பையோ தண்டனையையோ மாற்றாது என்றும், அதனால் எவருக்கும் எந்த உரிமையும் உண்டாகாது என்றும் அதே சட்டப்பிரிவு கூறுகிறது.