கிழமை தவறாத கருணை: ஆக்ஸ்ஃபோர்டு ‘புனிதக் குழு’, 1729–1735

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இங்கிலாந்துத் திருச்சபையின் 39 விசுவாசப் பிரமாணங்களுக்குக் கையொப்பமிடாத எவரும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர முடியாது. கல்லூரிக்குள் இருந்த சிற்றாலயத்தின் வழிபாட்டுக்கு வருவதும் விதியாகவே இருந்தது. ஆகவே ஒரு மாணவர் கிறிஸ்தவர் என்பது அவரைப் பற்றி எதையும் தனித்துக் காட்டாத செய்தி. இத்தகைய இடத்தில் ‘புனிதக் குழு’ எனப்பட்ட ஒரு சிறு மாணவர் கூட்டம் ஆறாண்டுக் காலம் ஊராரின் ஏளனத்துக்கு ஆளானதற்குக் காரணம், அவர்கள் புதிய கோட்பாடு எதையும் போதித்தது அன்று. எல்லாரும் ஏட்டளவில் ஒப்புக்கொண்டிருந்ததை நாளும் நேரமும் குறித்துக்கொண்டு செய்யத் தொடங்கியதே.

1726இல் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் சேர்ந்த சார்லஸ் வெஸ்லி, 1729இல் இரண்டொரு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, வாரந்தோறும் திருவிருந்தில் பங்குபெறவும் பல்கலைக்கழகச் சட்டங்கள் வகுத்திருந்த படிப்பு முறையை வழுவாது பின்பற்றவும் தொடங்கினார். இந்த ஒழுங்கைக் கண்டு மற்ற மாணவர் சூட்டிய கேலிப்பெயர்களுள் ஒன்றே, முறைப்படி நடப்பவர் எனப் பொருள்படும் ‘மெத்தடிஸ்ட்’. அவ்வாண்டு நவம்பரில் அவருடைய அண்ணன் ஜான் வெஸ்லி, லிங்கன் கல்லூரியில் ‘ஃபெலோ’ பொறுப்புக்கு, அதாவது கல்லூரி வருவாயில் பங்குபெற்று மாணவர்க்கு வழிகாட்டும் பொறுப்புக்குத் திரும்பி வந்ததும், குழுவின் தலைமை அவரிடம் சென்றது. மெர்டன் கல்லூரியின் ராபர்ட் கிர்க்கம், அயர்லாந்திலிருந்து வந்து கிறைஸ்ட் சர்ச்சில் படித்த வில்லியம் மார்கன் ஆகியோரையும் சேர்த்து நால்வரும் மாலைகளில் ஓர் அறையில் கூடி, வாரநாள்களில் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களையும் ஞாயிறன்று இறையியலையும் படித்தனர். புதனும் வெள்ளியும் பிற்பகல் 3 மணி வரை உபவாசம் இருக்கும் பழைய திருச்சபை வழக்கத்தையும் பின்னர் மேற்கொண்டனர்.

படிப்பறைக்குள் இருந்த இக்கூட்டத்தை வெளியே அழைத்துச் சென்றவர் மார்கன். 1730இல், மனைவியைக் கொன்ற குற்றத்துக்காகத் தண்டனை பெற்றிருந்த ஒருவனைப் பார்க்க ஆக்ஸ்ஃபோர்டு கோட்டைச் சிறைக்குச் சென்ற அவர், கடனுக்காக அங்கே அடைபட்டிருந்தோரிடமும் பேசிவிட்டு வந்து, எவரேனும் அவ்வப்போது போய்ப் பேசினாலே அவர்களுக்குப் பெரும் நன்மை விளையும் என்று வற்புறுத்தியதன் பேரில், ஆகஸ்ட் 24ஆம் நாள் வெஸ்லி சகோதரர் இருவரும் அவருடன் சென்றனர். கடனை அடைக்க இயலாதவரைக் கடன் கொடுத்தவர் சிறையில் வைக்க அக்காலச் சட்டம் இடமளித்தது. உள்ளே போனவருக்குச் சம்பாதிக்க வழி அடைபட்டுவிடுவதால், சிறு தொகைகூட ஒருவரை நெடுநாள் சிறையில் வைத்துவிடும். ஜான் வெஸ்லி தம் தந்தையிடம் யோசனை கேட்டு, ஆக்ஸ்ஃபோர்டு பேராயரின் இசைவையும் பெற்ற பின், இது வாராந்தரப் பணியாயிற்று. கோட்டைச் சிறையிலும், நகரின் வடக்கு வாயிலை ஒட்டியிருந்த பொக்கார்டோ என்னும் சிறையிலும் அவர்கள் கைதிகளைச் சந்தித்தனர். புதிதாக வந்தவரிடம் தனித்துப் பேசினர். மருந்தும் நூல்களும் வாங்கிக் கொடுத்தனர். சிறு கடனுக்காக அடைபட்டவர்களை விடுவிக்கத் தங்களுக்குள் பணம் திரட்டினர்.

ஏழைக் குழந்தைகளுக்கென ஒரு பள்ளியையும் இக்குழு நடத்தியது. அதன் ஆசிரியைக்குச் சம்பளம் கொடுத்ததோடு குழந்தைகள் சிலருக்கு உடையும் வாங்கித் தந்தவர் ஜான் வெஸ்லி என்று குழுவைச் சேர்ந்த ஜான் கேம்போல்ட் பின்னர் எழுதினார். அங்கே செல்லும் மாணவர்கள் ஒவ்வொரு குழந்தையின் நடத்தையையும் விசாரித்து, பின்னியதையும் நூற்றதையும் பார்த்து, படிக்கச் சொல்லிக் கேட்டு, ஞானோபதேச வினாவிடையையும் விளக்குவர். அப்பள்ளியில் படித்த பெண் ஒருத்தி குளிர்காலத்தில் மெல்லிய துணி உடையோடு ஜான் வெஸ்லியின் அறைக்கு வந்தபோது, தம்மிடம் இருந்த பணத்தைச் சற்று முன்புதான் சுவரில் மாட்டும் படங்களுக்குச் செலவழித்திருந்த அவர், அவளுக்குக் கொடுக்கக் கையில் ஏறக்குறைய ஏதுமின்றி நின்றதைப் பல ஆண்டுகளுக்குப் பின்பும் ஓர் அருளுரையில் வருந்திக் கூறினார். ஆண்டு வருவாய் 30 பவுண்டாக இருந்தபோது 28 பவுண்டில் வாழ்ந்து 2 பவுண்டைக் கொடுத்து, வருவாய் 60 ஆனபோதும் அதே 28இல் வாழ்ந்து 32ஐக் கொடுத்த ஓர் ஆக்ஸ்ஃபோர்டு மனிதரை அவர் வேறோர் அருளுரையில் பெயர் சுட்டாமல் குறிப்பிட்டார்; அம்மனிதர் வெஸ்லியே என்பது பொதுவான கருத்து.

குழுவினர் எல்லாரும் வசதி படைத்தவர் அல்லர். குளோஸ்டர் நகரத்து விடுதி ஒன்றில் பிறந்து 1732இல் பெம்புரோக் கல்லூரியில் சேர்ந்த ஜார்ஜ் விட்ஃபீல்ட் ஒரு ‘சர்விட்டர்’, அதாவது செல்வ மாணவர்க்குப் பணிவிடை செய்து அதற்கு ஈடாகக் கட்டணமின்றிப் படிப்பவர். அத்தகையோர் மேல்நிலை மாணவரோடு சமமாகப் பழகுவது வழக்கத்தில் இல்லை. ஆதரவற்றோர் இல்லத்தில் ஒரு பெண் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதை அறிந்த அவர், கல்லூரியில் ஆப்பிள் விற்கும் முதிய பெண்மணி ஒருவரைச் சார்லஸ் வெஸ்லியிடம் அனுப்பிச் செய்தி சொல்லச் செய்து, தம் பெயரை மட்டும் வெளியிடக் கூடாதென்று கட்டளையிட்டார். அப்பெண்மணி பெயரையும் சொல்லிவிட, மறுநாள் காலை உணவுக்கு வருமாறு சார்லஸ் அழைப்பு அனுப்பினார். பின்னாளில் திறந்த வெளிகளில் பெருந்திரளுக்குப் பிரசங்கித்த விட்ஃபீல்ட் இக்குழுவுக்குள் வந்தது இவ்வாறே.

1732இல் மார்கன் டப்ளினில் நோயுற்று இறந்தபோது, கடும் உபவாசமே காரணம் என்ற பேச்சு பரவியது. அவருடைய தந்தைக்கு ஜான் வெஸ்லி எழுதிய நீண்ட விளக்கக் கடிதமே குழுவின் தொடக்கம் பற்றிய முதன்மைச் சான்றாக நிலைத்தது. அவ்வாண்டு இறுதியில் லண்டன் இதழொன்றும் அவர்களைத் தாக்கி எழுதியது. இக்குழு சிறைக் கதவுகளைச் சிலருக்குத் திறந்ததேயன்றி, கடனுக்குச் சிறை என்னும் சட்டத்தை எதிர்க்கவில்லை என்பதையும் வரலாறு குறித்தாக வேண்டும். அச்சட்டம் பெருமளவு நீங்க 1869 வரை ஆயிற்று.

1735 அக்டோபரில் வெஸ்லி சகோதரர் அமெரிக்காவின் ஜார்ஜியா குடியேற்றத்துக்குக் கப்பலேறிய பின் குழு படிப்படியாகக் கலைந்தது. ஆயினும் 1742இல், வெஸ்லி சகோதரரின் வழிகாட்டலில் இயங்கிய பிரிஸ்டல் நகரின் மெத்தடிஸ்ட் சபை, கட்டடக் கடனை அடைக்க உறுப்பினர் ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி தருவதென முடிவுசெய்து, அதைத் தண்ட வீடுவீடாகச் செல்ல ஆள்களை நியமித்தபோது, அவ்வாறு சென்றவர்கள் காசோடு வீட்டின் நோயையும் வறுமையையும் சண்டையையும் அறிந்து வந்தனர். பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் என்ற ‘வகுப்புக் கூட்டம்’ இதிலிருந்தே உருவாயிற்று. கல்லூரி ஓய்வும் உதவித்தொகையும் உடைய சிலர் செய்துவந்த கிழமைச் சந்திப்பு, இதன் வழியாக, வாரம் ஒரு பென்னிக்கு மேல் கொடுக்க இயலாத தொழிலாளரும் ஒருவருக்கொருவர் செய்யக்கூடிய கடமையாயிற்று.